இனிஷியல் முதல் இணையத் தேர்வு வரை: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி வளாகத்தில் இணையவழிப் படிப்பு, கணினி, கைபேசி, வை-ஃபை தொடர்பாக வாசகர்கள் அனுப்பியவற்றில் இந்த இதழுக்குத் தேர்ந்தவை.

என்பிடெல்லில் (ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டம்) 12 வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். வீடியோக்கள் எல்லாம் பார்த்தேன். தேர்வில் 75க்கு 41 எடுத்தேன். அப்படியும் சான்றிதழ் வரவில்லை. எங்கே முறையிடுவது?
– பொறியியல் மூன்றாமாண்டு மாணவர், ஈரோடு

முறையிடுவதற்கு முன் அசைன்மென்ட் மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள். என்பிடெல் சான்றிதழுக்கு இரண்டு வாசல்கள் உண்டு; இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். தேர்வில் 75க்கு 30, அசைன்மென்டில் 25க்கு 10. மொத்தம் 40ஐத் தாண்டினாலும் இரண்டில் ஒன்று குறைந்தால் சான்றிதழ் கிடையாது.

பலர் தடுக்கி விழுவது இரண்டாவதில். 12 வாரப் படிப்பில் 12 அசைன்மென்டுகளில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள் (8 வாரப் படிப்புக்குச் சிறந்த 6, 4 வாரத்துக்குச் சிறந்த 3). நீங்கள் நான்கு வாரம்தான் சமர்ப்பித்தீர்கள், ஒவ்வொன்றிலும் 75 வாங்கினீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 300. அதை 4ஆல் வகுக்க மாட்டார்கள், 8ஆல்தான் வகுப்பார்கள். 37.5 வரும். 25க்கு மாற்றினால் 9.4. அரை மார்க்கில் போய்விட்டது! ஐந்தாவது வாரமும் சமர்ப்பித்து அதில் 50 வாங்கியிருந்தால்கூட 10.9 ஆகியிருக்கும்.

அசைன்மென்ட் நன்றாகவே செய்திருந்தும் சுழியம் காட்டுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் மின்னஞ்சல்தான். படிப்பில் ஒரு ஜிமெயிலில் சேர்ந்துவிட்டு, தேர்வுக்கு இன்னொன்றில் பதிவு செய்தால் இரண்டும் ஒட்டாது. முதல் நாளிலிருந்து கடைசிவரை ஒரே முகவரி இருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்குச் சில குறிப்புகள். படிப்பில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியே பதிவு செய்து பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். கெடு முடியும்வரை ஒரு அசைன்மென்டை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. எனவே வாரத் தொடக்கத்திலேயே தெரிந்த விடைகளைப் போட்டு ஒருமுறை சமர்ப்பித்துவிடுங்கள். கடைசி இரவில் மின்சாரம் போனாலும் வெறும் சுழியமாக இராது.

மிக முக்கியமான ஒன்று: 12 வாரப் படிப்புக்கு 3 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு), 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1 என்பது பொதுக் கணக்கு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு)-யின் 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் வழியே படிக்க அனுமதிக்கலாம். அது அனுமதிதான், உங்கள் கல்லூரி எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதை ஏற்கும் என்பது அங்குள்ள பாடத்திட்டக் குழு முடிவு செய்வது. படித்து முடித்துச் சான்றிதழோடு போய் நிற்காதீர்கள். சேரும் முன் படிப்பின் பெயரையும் வாரக் கணக்கையும் எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பி.காம். முதலாண்டு. ஏ.பி.சி. (மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு) எண் கேட்கிறார்கள். டிஜிலாக்கரில் எடுத்துக் கொடுத்தோம். "பெயர் பொருந்தவில்லை" என்று கல்லூரி அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். மூன்று தடவை அலைந்துவிட்டோம்.
– ஒரு தாய், விருதுநகர்

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம், அம்மா. காரணம் நம் இனிஷியல். ஆதாரில் "செல்வி" என்று மட்டும் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "செல்வி மு" என்று பின்னால் வரும். கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் "மு. செல்வி" என்று முன்னால் எழுதியிருப்போம். அப்பா பெயரை முழுதாக விரித்து "செல்வி முருகன்" என்று வங்கிக் கணக்கில் இருக்கும். நமக்கு எல்லாம் ஒரே பெண். கணினிக்கு நான்கு பேர்.

ஏ.பி.சி. எனப்படும் கிரெடிட் வங்கிக் கணக்கில் பெயர் ஆதாரிலிருந்து வருகிறது. கல்லூரியின் பதிவில் இருப்பது பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பட்டியலின் பெயர். இரண்டில் எதை மாற்றுவது? மதிப்பெண் பட்டியலைத் தொடாதீர்கள். அதை மாற்றுவது நெடிய வேலை. மாற்றினால் பன்னிரண்டாம் வகுப்பு, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். ஆதாரைப் பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கு ஏற்ப மாற்றுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டே முறைதான். இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டில் அச்சானதை அங்கேயே வாசித்துவிட்டு எழுந்திருங்கள்.

ஆதார் மாறியதும் டிஜிலாக்கரில் தானாக மாறிவிடும் என்று இருந்துவிட வேண்டாம். மறுபடி உள்ளே போய் ஆதார் விவரம் புதுப்பிக்கப்பட்டதா என்று சுயவிவரப் பக்கத்தில் பாருங்கள். அதன்பிறகு ஏ.பி.சி. அட்டையை மீண்டும் இறக்கி, கல்லூரிக்குக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. ஏ.பி.சி. எண்ணும் 12 இலக்கம், ஆதார் எண்ணும் 12 இலக்கம். படிவத்தில் ஏ.பி.சி. கட்டத்தில் ஆதார் எண்ணை எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் நிறைய. அடுத்தது கைபேசி எண். ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அது அப்பாவின் பழைய சிம்மாக இருந்து, அந்தச் சிம் செத்துப் போயிருந்தால் முதலில் ஆதாரில் எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மகள் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு "கிரெடிட் சுழியம் காட்டுகிறதே" என்று பயந்தால் சமாதானம் சொல்லுங்கள். மாணவர் தானாக அதில் எதையும் ஏற்ற முடியாது. பருவ முடிவுக்குப் பின் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோதான் ஏற்ற வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸில் வரலாற்றுத் தேர்வு வைத்தேன். குறுவிடையில் "மௌரியர்" என்று சரியாக எழுதிய பலருக்குத் தவறு என்று மதிப்பெண் போட்டுவிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள்.
– உதவிப் பேராசிரியர், மதுரை

பிள்ளைகள் பக்கம் நியாயம் இருக்கிறது. கருவி உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டைத்தான் ஒப்பிடுகிறது. மௌ என்பதை ஔகாரக் குறியோடு எழுதலாம்; எகரக் கொம்பு போட்டு, "ம"வுக்குப் பின் தனி "ள" அடித்தும் எழுதலாம். முதலாவது மௌரியர், இரண்டாவது மெளரியர். திரையில் வேறுபாடு தெரிவது அரிது. ஔவையார் இன்னும் மோசம்: ஔவையார், ஒளவையார், அவ்வையார் என்று மூன்று வடிவம். இவற்றில் எதை எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் மறுக்க முடியாது.

தமிழ் எண்களும் இதே சேட்டை செய்யும். ௧ என்ற எண்ணும் "க" எழுத்தும், ௭ என்ற எண்ணும் "எ" எழுத்தும் கண்ணுக்கு ஒன்று, குறியீட்டில் வேறு. போதாததற்கு, விடைக்குப் பின் முற்றுப்புள்ளி வைப்பவர், இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுபவர், விடாதவர் என்று பலர். புணர்ச்சி வேறு: "சந்திர குப்தர்", "சந்திரகுப்தர்".

செய்ய வேண்டியது இது. கேள்வியில் விடைக்குறிப்புப் பகுதியைத் திறந்தால் ஏற்கத்தக்க விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கலாம். எல்லா வடிவங்களையும் சேருங்கள். "மற்ற எல்லா விடைகளையும் தவறு எனக் குறி" என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள்; அது இருந்தால்தான் கருவி தானாகக் கழுத்தை அறுக்கும். அமைப்புகளில் மதிப்பெண் வெளியீட்டை "உடனே" என்பதிலிருந்து "பிறகு, கையால் திருத்திய பின்" என்று மாற்றுங்கள். அப்போது நீங்கள் பார்த்து முடிக்கும்வரை யாருக்கும் மதிப்பெண் போகாது, சண்டையும் வராது. திருத்தும்போது மாணவர் வாரியாகப் போகாமல் கேள்வி வாரியாகப் போங்கள். ஒரே மாதிரி விடைகள் ஒரே குவியலாக வந்து நிற்கும். குவியலுக்கு ஒருமுறை மதிப்பெண் கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெயர், ஊர், ஆண்டு கேட்கும் கேள்விக்குக் குறுவிடை எதற்கு? நான்கு விடைகள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தட்டச்சு செய்யச் சொல்வது மாணவரின் வரலாற்று அறிவைச் சோதிக்கவில்லை, அவர் கைபேசியின் விசைப்பலகையைச் சோதிக்கிறது. எழுதவே வைக்க வேண்டும் என்றால் நான்கு வரி விடை கேளுங்கள், நீங்களே படித்துத் திருத்துங்கள்.

கேள்விகளைக் கலைத்துப் போடும் வசதியைப் பயன்படுத்தினால் "மேற்கண்ட கேள்வியில்" என்று தொடங்கும் கேள்வி இருக்கக் கூடாது. மேலே எது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் கல்லூரியில் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ். இணையத் தேர்வு என்றால் பாதி வகுப்புக்கு வை-ஃபை இணைப்புக் கிடைத்தும் இணையம் வருவதில்லை. 300 எம்பிபிஎஸ் ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கலாமா?
– கல்லூரி முதல்வர், சேலம் மாவட்டம்

பணத்தைக் கொஞ்சம் பையிலேயே வைத்திருங்கள். பல தெரிவு விடை கொண்ட தேர்வுப் பக்கம் மிக இலேசானது. அறுபது பேர் ஒரே நேரத்தில் திறந்தாலும் 100 எம்பிபிஎஸ் திணறக் கூடாது. இணைப்புக் காட்டியும் இணையம் வரவில்லை என்றால் வேறு இடத்தில் அடைப்பு.

முதலில் இணையம் வராத ஒரு மடிக்கணினியில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் நோய் தெரிந்துவிட்டது: வலைப்பின்னலிடம் கொடுக்க முகவரி தீர்ந்துபோயிருக்கிறது. சாதாரண அமைப்பில் ஒரு வலைக்கு 254 முகவரிகள்தான். ஒரு கட்டடத்தில் எட்டு வகுப்பு, வகுப்புக்கு அறுபது கைபேசி என்றாலே 480. காலையில் முதலில் வந்தவர்களுக்கு முகவரி கிடைக்கும். அவர்கள் ஆய்வகத்துக்கோ கேன்டீனுக்கோ போய்விட்டாலும் அந்த முகவரி அவர்கள் பேரிலேயே பூட்டிக் கிடக்கும். பல ரவுட்டர்களில் அந்தக் காலம் 8 மணி நேரமாகவோ ஒரு நாளாகவோ வைக்கப்பட்டிருக்கும்.

இதற்கு மருந்து இலவசம். உங்கள் வலைப்பின்னல் பராமரிப்பாளரிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். முகவரித் தொகுதியை /24 என்பதிலிருந்து /22 ஆக விரிக்கச் சொல்லுங்கள் (இதில் எண் குறைந்தால் இடம் கூடும்). 1,022 முகவரி கிடைக்கும். முகவரி வைத்திருக்கும் காலத்தை 1 மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். "லைன் வேகத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று அவர் சொன்னால், முதலில் இதைச் செய்துவிட்டு அடுத்த தேர்வில் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

169.254 இல்லை, முகவரி ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது, ஆனாலும் நத்தை வேகம் என்றால் காற்றில் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. பக்கத்துப் பக்கத்து அறைகளில் எல்லாப் பெட்டியும் 6இல் ஓடினால் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும். தடங்களை மாற்றி மாற்றி அமையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள பெட்டிகளில் அதை முன்னுரிமையாக்குங்கள். பெட்டியைத் தாழ்வாரத்தில் மாட்டி இரண்டு பக்க வகுப்புக்கும் என்று கணக்குப் போடுவது நம் ஊர் வழக்கம். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனம், அதனால் தேர்வு நடக்கும் அறைக்குள்ளேயே மாட்டுங்கள். வீட்டு உபயோக ரவுட்டரில் அறுபது கைபேசி ஏற்றாதீர்கள்.

கைபேசியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) பதிவு செய்து அனுமதிக்கும் கல்லூரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் வை-ஃபையில் உண்மை முகவரிக்குப் பதில் போலி முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. பெட்டியில் அச்சடித்த முகவரியைப் பதிந்துவிட்டு "ஏன் சேரவில்லை" என்று தேடுவது இதனால்தான். அந்த ஒரு வலைக்கு மட்டும் தனியுரிமை முகவரியை அணைத்தால் போதும். ஆளுக்கொரு பயனர் பெயர், கடவுச்சொல் என்று மாறிவிடுவது அதைவிட நல்லது.

வகுப்பில் புதிய ஸ்மார்ட் போர்டு. மடிக்கணினியை இணைத்தால் படம் வருகிறது, தொட்டால் நகரவில்லை. பழுதா?
– கணிதத் துறை, கும்பகோணம்

பழுதில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டும் கொண்டுவரும். தொடுகை உங்கள் கணினிக்குப் போக வேண்டுமானால் தனியே ஒரு யு.எஸ்.பி. கேபிள் வேண்டும். போர்டில் "டச்" என்று எழுதிய சதுர வாய் இருக்கும், அச்சுப்பொறியில் செருகுவது போன்றது. அதிலிருந்து கணினிக்கு. இந்தக் கேபிள் பெட்டியோடு வந்து, பிரிக்காமலே அலமாரியில் கிடக்கும், தேடுங்கள். இரண்டு எச்.டி.எம்.ஐ. வாய் உள்ள போர்டில் ஒன்றாம் எண் படத்துக்கு ஒன்றாம் எண் டச் என்று பொருத்தம் பார்த்துச் செருகுங்கள்.

அசைன்மென்டை நானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். கல்லூரியில் ஒரு மென்பொருளில் போட்டு, "60 சதவீதம் ஏஐ எழுதியது" என்று நிராகரித்துவிட்டார்கள். எப்படி நிரூபிப்பது?
– முதுகலை ஆங்கில மாணவி, தஞ்சாவூர்

முதலில் அந்த எண் எது என்று கேளுங்கள். ஒரே அறிக்கையில் இரண்டு எண் வரலாம். ஒன்று ஒப்புமை: உங்கள் வரிகள் வேறெங்கோ ஏற்கெனவே இருப்பவற்றோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பது. மற்றொன்று ஏஐ எழுதியது போல் தோன்றும் பகுதியின் அளவு. முதலாவது எந்த ஆவணத்தோடு பொருந்துகிறது என்று சான்று காட்டும். இரண்டாவது வெறும் ஊகம். சான்று எதையும் காட்டாது.

கருத்துத் திருட்டைத் தடுக்கும் யுஜிசி-யின் 2018 விதிகள் சொல்லும் 10, 40, 60 சதவீதப் படிநிலைகள் ஒப்புமைக்கு உரியவை. ஏஐ சதவீதத்தை அந்த அட்டவணையில் வைத்து 60 என்றால் இன்ன தண்டனை என்று சொல்வது பொருந்தாது. அதே விதிகள், மேற்கோளாகக் காட்டியவை, நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவற்றை ஒப்புமைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்கின்றன. ஒப்புமை கூடிப்போனவர்கள் இந்த வடிகட்டிகள் போடப்பட்டனவா என்று அறிக்கையின் முகப்பிலேயே பார்க்கலாம்.

ஏஐ கண்டுபிடிப்பான்கள் தவறுவது ஊரறிந்தது. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் ஏஐ எழுதியவை என்று வந்தது. அனைத்தும் மனிதர்கள் எழுதியவை. எளிய சொற்களும் ஒரே மாதிரியான வாக்கியங்களுமாக எழுதினால் இந்தக் கருவிகள் சந்தேகப்படும். பள்ளியில் இலக்கணம் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் எழுதுவது அப்படித்தான். சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நிரூபிக்க உங்களிடம் இருக்க வேண்டியது எழுதிய தடம். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் ஃபைல் பட்டியலில் பதிப்பு வரலாறு இருக்கும். எந்த நாள், எந்த நேரத்தில், எந்தப் பத்தி வந்தது, எது அடிக்கப்பட்டது என்று அப்படியே தெரியும். துறைத்தலைவர் முன்னால் அதைத் திறந்து காட்டுங்கள். வேர்டில் எழுதி, கோப்பு உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் இந்த வரலாறு பெரும்பாலும் கிடைக்காது. ஒன்டிரைவில் தானியங்கிச் சேமிப்பு ஓடியிருக்க வேண்டும். வேறு இடத்தில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டினாலும் வரலாற்றில் ஒரே நிமிடத்தில் முழுக் கட்டுரையும் வந்து குதித்ததாகத்தான் இருக்கும். இனி எழுதுவதை முதல் வரியிலிருந்தே டாக்ஸில் எழுதுங்கள். நூலகத்தில் எடுத்த குறிப்பு, கையால் எழுதிய முதல் வரைவு எதையும் கிழித்துப் போடாதீர்கள். கட்டுரையைப் பற்றி ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுதியவருக்கு அதில் பயமில்லை.

ஏஐ-யிடம் கேட்டு எடுத்த மேற்கோள்களை நம்பலாமா?
– தமிழ் இளங்கலை மாணவர், திருவண்ணாமலை

சரிபார்க்காமல் ஒன்றைக்கூட நம்பாதீர்கள். இல்லாத குறளைச் சீர் பிரித்து, எண்ணும் போட்டுத் தரும். குறளுக்கு ஒரு விரைவுச் சோதனை: எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, பத்தால் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டினால் அதிகார எண். 412 என்றால் 42ஆவது அதிகாரம், கேள்வி. அதையே "கல்வி அதிகாரம்" என்று ஏஐ சொன்னால் அங்கேயே பிடிபட்டது. கல்வி 391 முதல் 400 வரை. எண் பொருந்தினாலும் பாட்டை அச்சுப் புத்தகத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ பாருங்கள். ஆங்கில ஆய்வுக் கட்டுரை என்றால் டிஓஐ எண்ணை (கட்டுரைக்கு உரிய நிலையான அடையாள எண்) அதற்குரிய தளத்தில் இட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் சந்தேகம், வேறு கட்டுரை திறந்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

விரிவுரையாளர் தந்த பழைய குறிப்புகள் பாமினியில் இருக்கின்றன. கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.
– பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்

பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அது நிறுவப்படாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் பல உண்டு.

ஆனால் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். குறிப்பின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ்க் குப்பையாக்கிவிடும். வேர்டில் தேடும் பெட்டியில் சொல் எதுவும் இடாமல் எழுத்துருவாகப் பாமினியை மட்டும் கொடுத்தால் அந்தப் பகுதிகள் தனித்தனியே தேர்வாகும். அவற்றை மட்டும் எடுத்து மாற்றி அதே இடத்தில் ஒட்டி, எழுத்துருவை லதா, நிர்மலா போன்ற யூனிகோடு ஒன்றாக மாற்றுங்கள். பின் அடைப்புக்குறி, மேற்கோள் குறி, கிரந்த எழுத்து, ஸ்ரீ இந்த நான்கையும் கண்ணால் பாருங்கள். வழக்கமாகச் சிதைவது இவைதான்.

பிடிஎஃப் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் நகலெடுத்து ஒட்டிப் போராட வேண்டாம். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, வலச் சொடுக்கில் கூகுள் டாக்ஸ் கொண்டு திறவுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும். கோப்பை 2 எம்பிக்குள் இருக்கும்படி சிறு துண்டுகளாக வெட்டி ஏற்றினால் நன்றாக வரும். காலுக்குப் பதில் "ர", "ர"வுக்குப் பதில் கால் என்று மாறியிருக்கும். அதற்காகவே ஒருமுறை வாசிக்க வேண்டும்.

விடுதியில் வை-ஃபை இல்லை. நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா. வகுப்பு வீடியோவுக்கே போதவில்லை.
– செவிலியர் கல்லூரி மாணவி, நீலகிரி

கணக்கு எளிது. எத்தனை கேபிபிஎஸ் என்பதை 0.45ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பி என்று வரும். 1,000 கேபிபிஎஸ் வீடியோ மணிக்கு 450 எம்பி. 300 கேபிபிஎஸ் என்றால் 135. 64 கேபிபிஎஸ் ஒலி மட்டும் என்றால் 29 எம்பி கூட இல்லை. ஆசிரியர் பேசுவதே முக்கியமான வகுப்புக்கு கூகுள் மீட்டில் வீடியோவைப் பெறுவதை நிறுத்தி ஒலியை மட்டும் வையுங்கள். பலகையில் எழுதும் வகுப்புக்கு வீடியோ தரம் 360பி போதும். 240பி-யில் எழுத்து கலங்கும்.

வீடியோவைவிட மறைவாகத் தின்பவை வேறு: புகைப்படங்களைத் தானாக மேகத்தில் ஏற்றுவது, செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பு, வாட்ஸ்அப்பில் வகுப்புக் குழுவின் வீடியோக்கள் தானாக இறங்குவது. மூன்றையும் "வை-ஃபையில் மட்டும்" என்று மாற்றுங்கள். ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள்: கைபேசியில் பிடித்த படங்களை அப்படியே ஸ்லைடில் ஒட்டினால் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி. பவர்பாயின்டில் படங்களைச் சுருக்கும் வசதியில் 150 பிபிஐ தேர்ந்து சேமியுங்கள்.

ஆய்வுக்கட்டுரைகள் எல்லாம் காசு கேட்கின்றன. இலவசமாக வழி உண்டா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், கோயம்புத்தூர்

அரசுக் கல்வி நிறுவனம் என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் 13,000க்கு மேற்பட்ட இதழ்கள் உண்டு; உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரி அதில் வராது. கல்லூரிகளுக்கான மின்னூலகத் திட்டமான என்-லிஸ்டுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். என்-லிஸ்டில் ஆளுக்கொரு பயனர் பெயர் கிடைக்கும், வீட்டிலிருந்தும் திறக்கலாம். பல கல்லூரிகளில் சந்தா கட்டியிருப்பார்கள், மாணவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எதுவும் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கவே இருக்கிறது.

கிராமத்திலிருந்து வருகிறேன். ஆங்கில வீடியோ புரிவதில்லை. கணினியில் கணக்குத்தாள் (எக்செல் போன்றது) கற்க வேண்டும்.
– வணிகவியல் மாணவர், அரியலூர்

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லிப்ரேஆபீஸ் கால்க் பாடங்கள் தமிழ் ஒலியிலேயே உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் வீடியோ, வலப்பக்கம் கால்க் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் ஒரு செயல் முடிந்ததும் நிறுத்தி, அதையே வலப்பக்கம் செய்து, அதே விடை வந்தபின் அடுத்ததற்குப் போங்கள். கைபேசியில் பார்த்துவிட்டு அப்புறம் கணினியில் செய்யலாம் என்று வைத்தால் எந்த மெனு என்பது மறந்துபோகும். வீடியோவில் காட்டும் திரையில் மெனு பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். அதை மாற்றாதீர்கள், வேலைக்குப் போகும் இடத்தில் அதே பெயரில்தான் தேட வேண்டிவரும். கல்லூரிக் கணினியில் லிப்ரேஆபீஸ் இல்லையென்றால் இலவசம்தான், ஆய்வகப் பொறுப்பாளரிடம் போடச் சொல்லுங்கள். எக்செல் மட்டும் இருந்தாலும் தொடங்கலாம். சூத்திரங்கள் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும், மெனு இருக்கும் இடம்தான் மாறும்.